வெறும் கேமரா

கேமராவுக்குள் பிலிம் இல்லை. தெரிந்தேதான் தீர்த்தகிரி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தான்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், வைகாசி மாசம். அணை கட்டி முடிந்தால் ஆற்றோரத்து அந்த ஊர் தண்ணீருக்குள் போய்விடும். மறுநாள் காலையில் எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு மேட்டில் கொடுத்த புது இடத்துக்குக் கிளம்புகிறார்கள்.

"போறதுக்கு முந்தி ஊரை ஒரு தரம் படம் பிடிச்சுடு தம்பி. பின்னால பாக்கறதுக்கு ஏதாச்சும் வேணுமில்ல?" என்று மணியக்காரர் நாராயணப்பன் ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவனும் வாக்குக் கொடுத்திருந்தான்.

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் சொந்தக் கேமரா வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷம் பத்து நிமிஷம் ஓடும் படங்கள் எடுத்தவன் அவன் ஒருத்தன்தான். அந்த வருஷம் கையில் மூன்று படம். நாட்றாம்பாளையத்தில் மலேரியா மருந்து அடிக்கிற படம் ஒன்று. வேப்பனப்பள்ளி மாம்பழ மண்டி ஆஞ்சப்பனுக்கு, டூரிங் டாக்கீஸில் இடைவேளையில் காட்ட விளம்பரப் படம் ஒன்று. மூன்றாவது இந்த ஊர். திங்கட்கிழமை கொசு, புதன்கிழமை மாம்பழம் என்று பாதி நாள் பஸ்ஸிலேயே போயிற்று. பிலிமோ மெட்ராஸிலிருந்து பெர்மிட்டில் வந்தால்தான் உண்டு.

ஊருக்கென்று ஒரே ஒரு சுருளை ஒளித்து வைத்திருந்தான். முந்தின நாள் அதுவும் போயிற்று.

"ஏம்பா, மீசைக்கு மை பூச மறந்துட்டேனே! நரை தெரியுமே. மறுபடி எடு" என்றார் ஆஞ்சப்பன்.

"பிலிம் இல்லீங்களே."

"பைக்குள்ள இருக்கிறது என்ன?"

அடுத்த வருஷமும் படம் எடுக்கிற வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்த மனிதர். தீர்த்தகிரியால் மறுக்க முடியவில்லை. ஓர் ஊர் விழவேண்டிய பிலிமில் ஒரு மீசை விழுந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தான். ஆனால் ஊரைப் பார்த்ததும் வாய் வரவில்லை. தண்ணீருக்குள் போகிற சுவர்களுக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வாசலெல்லாம் கோலம். பெண்கள் கல்யாணப் புடவையில் நின்றார்கள்.

மணியக்காரர் வீட்டுத் திண்ணையில் கேமராவை வைத்துவிட்டுக் கைகால் கழுவி வந்தான். மோர் கொடுத்தார்கள். அவன் குடிப்பதற்குள் மணியக்காரர் தெருப்பக்கம் போய்விட்டு வந்தார். குடித்துவிட்டு எழுந்தான். கேமராவின் சாவியை முறுக்கினான். கர்ரென்று ஓடியது.

"அசையாம நிக்கணுமா?" என்றார் மணியக்காரர், தான் வெட்டிய கிணற்றோரம் விறைப்பாக நின்று.

"நடங்க, பேசுங்க. இது சினிமாங்க."

"எங்க எருமையும் விழுமா?" என்றாள் பாப்பம்மா.

"விழும்மா."

"அப்ப இரு, அதைக் கழுவிட்டு வரேன்."

கடைசித் தெருவிலிருந்து சாந்தம்மா வந்து ஒதுங்கி நின்றாள். "எங்க பக்கமும் வருவீங்களா சாமி?"

போனான். அவள் தன் குடிசைச் சுவர்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "எங்க வீட்டுக்காரர் வெச்ச சுவருங்க. அவரு இல்ல. இதையாச்சும் எடுங்க."

கேமரா கர்ரென்று ஓடியது. சாவி தீர்கிறவரை தீர்த்தகிரி நிறுத்தவில்லை.

சாயங்காலம் ஒரு பை நிறைய வேர்க்கடலை கொடுத்து அனுப்பினார்கள். படத்தை எப்போது காட்டுவாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று பஸ் ஏறினான்.

தப்பிக்கவில்லை. டூரிங் டாக்கீஸில் ஆஞ்சப்பனின் கறுத்த மீசை திரையில் வரும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவான். அந்தக் கோலங்களும் கழுவின எருமையும் கண்ணுக்குள் ஓடும். நன்றாக ஓடும். ஆனால் அவன் கண்ணுக்குள் மட்டும்தான்.

நாலு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. ஐம்பத்தொன்பதில் மனசு தாங்காமல், இரண்டு புதுச் சுருள்களை எடுத்துக்கொண்டு மேட்டு ஊருக்குப் போனான்.

நாராயணப்பன் இல்லை. போன பங்குனியில் தவறிவிட்டாராம். அவர் மனைவி லட்சுமியம்மாள் பாய் விரித்து உட்காரச் சொன்னாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் ஒண்ணுமே எடுக்கல. கேமராவுல பிலிமே இல்ல. ஊரையே ஏமாத்திட்டேன். அவர்கிட்ட நேர்ல சொல்லி மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேன்…"

லட்சுமியம்மாள் அதிரவில்லை. "பிலிம் இல்லேன்னு தெரியுமே தம்பி."

"தெரியுமா? யாருக்கு?"

"ஊருக்கே தெரியும். நீ கைகால் கழுவப் போறப்ப கேமராவைத் திண்ணையில வெச்சே. மூடி திறந்துகிச்சு. உள்ள வெறுமனே கிடந்தது. அதுக்கு முந்தி ஒரு தரம் வந்தப்ப, சுருளை எப்படிப் போடறதுன்னு நீதானே அவருக்குக் காட்டினே? பாத்ததும் புரிஞ்சுபோச்சு. சத்தமில்லாம மூடி வெச்சுட்டாரு."

"அப்புறம் எதுக்கும்மா எல்லாரும் வந்து நின்னீங்க? அந்த சாந்தம்மாகூட…"

"அவளுக்கும் தெரியும். படம்தான் விழாதே, எதுக்கு நிக்கணும்னு நானும் கேட்டேன். 'பையன் சொல்ல முடியாம முழிக்கிறான். ஊரை விட்டுப் போற அன்னிக்கு, நம்ம வாசலுக்கு வந்தவனைத் தலைகுனிய வெச்சா அனுப்பறது? எல்லாரும் நல்லாச் சிரிச்சு நில்லுங்க'ன்னு தெருத் தெருவாப் போய்ச் சொல்லிட்டு வந்ததே அவருதான் தம்பி."