குதிரை ஸ்டாப்

நகரத்து நாற்சந்தியில் ஒரு வெண்கலக் குதிரை நின்றது. அதன்மேல் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தபடி ஒரு தளபதி உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. "குதிரை வந்தாச்சு, எறங்கு, எறங்கு!" என்றுதான் பஸ் கண்டக்டர்கள் கூவுவார்கள். கேட்கும்போதெல்லாம் குதிரைக்கு மனசு குளிரும். தளபதி பல்லைக் கடிப்பார்.

மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்ட வேண்டும் என்று இருவரையும் பெயர்த்துக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில் வைத்தார்கள். அங்கே தளபதிக்குப் பெயர்ப்பலகை கிடைத்தது.

"பாத்தியா? உன் பேரு எங்கேயாச்சும் இருக்கா?" என்று அவர் சீண்டினார்.

இனி நம்மை யார் நினைப்பார்கள் என்ற கவலை குதிரையை அரித்தது.

ஒரு நாள், நாற்சந்தியில் அவர்கள்மேல் வந்து உட்காரும் காக்கை அவர்களைத் தேடிக்கொண்டு வந்தது.

"நாம நின்ன இடத்துல இப்ப என்ன இருக்கு?" என்று குதிரை பயந்துகொண்டே கேட்டது.

"பள்ளமும் தகர வேலியும்தான். ஆனா கண்டக்டர் இன்னும் 'குதிரை எறங்கு'ன்னுதான் கத்துறான். ஊருக்குப் புதுசா வந்த ஒரு அம்மா, எங்கடா குதிரைன்னு வேலியைச் சுத்திச் சுத்தி வந்துச்சு!"

குதிரைக்குக் கனைக்க வேண்டும்போல் இருந்தது. அதற்குள் மேலேயிருந்து ஒரு குரல் தயங்கியது.

"காக்கையாரே, என்னை யாராச்சும்..."

அந்தப் பலகையை ஒருவரும் நின்று படித்ததில்லை என்பது குதிரைக்குத் தெரியும். காக்கை வாயைத் திறப்பதற்குள் அது முந்திக்கொண்டது.

"குதிரைன்னா நீங்களும் சேர்த்திதானே ஐயா. உங்களை இறக்கிவிட்டுட்டு நான் என்னிக்காவது நின்னிருக்கேனா?"

கடிவாளம் கொஞ்சம் தளர்ந்தது.