ஒரு தாய், பல தகப்பன்

ஒரு புளியமரப் பொந்தில் தேனீக்கள் குடியிருந்தன. ராணிதான் எல்லாருக்கும் தாய், ஆனால் தகப்பன்கள் பலர். மஞ்சள் தேனீ மஞ்சரிக்குத் தன் தகப்பன் வழியின்மேல் அப்படியொரு பெருமை.

கோடை வந்தது. கூட்டைக் குளிர்விக்க வாசலில் நின்று சிறகால் விசிற வேண்டும். "அதை எங்க அப்பா வழிப் பொண்ணுங்களே பாத்துக்குவோம், நீ தள்ளிப் போ" என்று கறுத்த தேனீ கருப்பாயியை விரட்டினாள் மஞ்சரி.

"சரிக்கா, எனக்கும் தூக்கம் வருது" என்று கருப்பாயி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியதும், ஒரே அப்பா வழி என்பதால், மஞ்சள் சகோதரிகள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் புழுங்கியது. ஒன்றாக விசிறினார்கள், ஒன்றாகவே களைத்து விழுந்தார்கள். வெயிலோ இன்னும் ஏறியது. மெழுகு இளகி, குஞ்சுகள் கிடந்த அறைகள் சரியத் தொடங்கின. மஞ்சரிக்குச் சிறகைத் தூக்கவே முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கருப்பாயி எழுந்து வந்தாள். "எனக்கு இப்பத்தானேக்கா புழுங்குது! கொஞ்சம் தள்ளு."

அவளும் அவள் அப்பா வழிச் சகோதரிகளும் விசிறினார்கள். அவர்கள் ஓய்ந்தபோது இன்னொரு அப்பா வழிச் சாம்பல் நிறத்துக்காரிகள் சோம்பல் முறித்துக்கொண்டு வந்தார்கள். சாயங்காலம் கூடு குளிர்ந்துவிட்டது. குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன. பொந்து முழுக்க ஒரே ஆட்டம்.

சில நாள் கழித்துப் புது ராணி கல்யாணத்துக்குப் பறக்கத் தயாரானாள். "மஞ்சரி அக்கா, மாப்பிள்ளை தேடி எந்தப் பக்கம் போகட்டும்?"

"ஒரு பக்கம் எதுக்குடி?" என்றாள் மஞ்சரி. "நாலா பக்கமும் போயிட்டு வா!"