'தனி' என்றொரு ஃபோல்டர்

"அக்கா, இதக் கொஞ்சம் வந்து பாருங்க" என்றாள் பவித்ரா. குரலே சரியில்லை.

சந்திரவல்லி எழுந்து வந்தாள். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவளுடைய பிளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று மலைக்கு மேலேயும் கீழேயும் யார் வீட்டில் எது நடந்தாலும் பேனருக்கு இங்கேதான் வருவார்கள்.

கடைக் கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துபோய் ஒரு வாரமாகத் திணறிக்கொண்டிருந்தது. பழைய டிசைன்களை வருசம், மாசம், பேர் வாரியாக அடுக்கி, வேண்டாததைக் கழிக்கச் சொல்லி, கடையில் வேலை பார்க்கும் பவித்ராவை உட்கார வைத்திருந்தாள். பத்து வருசமாக அங்கே டிசைன் செய்யும் மகாராஜன், அன்று போடிமெட்டில் ஒரு ஓட்டலுக்குப் போர்டு அளவெடுக்கப் போயிருந்தார்.

"மகாராஜன் அண்ணன் வேலைக்கு நடுவுல இது கெடந்துச்சுக்கா."

'தனி' என்று பேர் போட்ட ஃபோல்டர். திறந்தால் உள்ளே முழுக்கப் பெண்கள் முகம். நூறா, ஐந்நூறா தெரியவில்லை. கல்யாண பேனருக்கும் காதுகுத்துக்கும் கொடுத்த கூட்டப் படங்களில் இருந்து ஒவ்வொரு முகமாக வெட்டி எடுத்து, பின்னால் இருந்ததை அழித்து, மங்கலைத் துலக்கி, பளிச்சென்று வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பேர். எந்த ஊர், எந்த எஸ்டேட் என்றும் இருந்தது.

"எல்லாம் பொம்பளைகதான். ஆம்பள படம் ஒண்ணுகூட இல்ல" என்ற பவித்ரா, தேவாரம் என்று ஊர்ப் பேர் போட்டிருந்த ஒரு முகத்தைக் காட்டினாள். "இது எங்கம்மாக்கா."

சந்திரவல்லிக்கு உடம்பு கூசியது. ஐம்பது வயது தாண்டிய மனுசன். நிமிர்ந்து பார்த்துப் பேசாதவர். ஊரே நம்பி வீட்டுப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போகிற கடை.

"அழிச்சிரு."

"ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"என்னத்தக் கேக்க? எங்கம்மா மொகத்த எதுக்குய்யா வெட்டி வெச்சேன்னு கேப்பியா? அழி. குப்பைத் தொட்டியிலயும் இருக்கக் கூடாது."

பவித்ரா அழித்தாள். கம்ப்யூட்டர் இரண்டு முறை கேட்டது, நிச்சயமாகவா என்று. இரண்டு முறையும் ஆமாம் என்றாள்.

சந்திரவல்லி உடனே போன் போட்டாள். மலை மேல் காற்று இரைந்தது.

"மகாராஜன், நீங்க நாளையிலருந்து கடைக்கு வர வேண்டாம்."



"என்னம்மா, என்ன தப்பு நடந்துச்சு?"

"ஒங்களுக்கே தெரியும். பொம்பளப் புள்ள வேல பாக்குற எடம் இது."

"தெரியலையேம்மா... சரி, நீங்க சொன்னாச் சரித்தான். அந்தத் தனி ஃபோல்டர மட்டும்..."

வைத்துவிட்டாள். அந்தப் பேரை அவர் வாயாலேயே சொன்னது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

முகூர்த்த நாள் நெருங்கியதால் வேலை வந்து குவிந்தது. காலியான இடமெல்லாம் புது பேனராக நிறைந்துபோனது.

நாலாம் நாள் காலை, ஒரு ஜீப்பில் இருந்து இறங்கி ஒரு பெண் வந்தாள். இருபது வயதிருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மகாராஜன் அண்ணே இல்லீங்களா?"

"இல்ல. என்ன வேணும்?"

"எம் பேரு ரோஜா. மேல்பாறை எஸ்டேட்டு. எங்க ஆத்தா இருளம்மாள், நேத்து ஏலக்கா எடுக்கப் போன எடத்துல மரம் முறிஞ்சு மேல விழுந்து..." அவளால் முடிக்க முடியவில்லை.

சந்திரவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரும்மா. போஸ்டர் அடிக்கணுமா? படம் கொண்டாந்திருக்கியா?"

"படம் இல்லக்கா. ஆதார்ல கரியா இருக்கு, மொகமே தெரியாது. எங்க ஆத்தா ஒரு நாளும் தனியா நின்னு போட்டோ எடுத்ததில்ல. யாரு வீட்டு விசேசம்னாலும் கூட்டத்துல பின்னாடிதான் நிக்கும்."

"அப்ப எப்படிம்மா?"

"அண்ணே வெச்சிருப்பாரு. போன வருசம் பக்கத்து வீட்டு ஒச்சம்மா அத்த செத்தப்பவும் இப்படித்தான், மாலை போட்டு வைக்க ஒரு படம் இல்ல. அண்ணேதான் எங்கயோ இருந்து எடுத்துக் குடுத்தாரு. ஒங்க பக்கத்துப் பொம்பளைக மொகமெல்லாம் தனித்தனியா எடுத்து வெச்சிருக்கேன், கவலப்படாதீகன்னாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு மணிக்கு ஆத்தாவ எடுக்குறோம்க்கா. கொஞ்சம் வெரசா..."

பவித்ராவின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. சந்திரவல்லியை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்திரவல்லி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நம்பரைப் போடுவதற்குள் இரண்டு தடவை தப்பாகிவிட்டது.

"சொல்லுங்கம்மா" என்றார் மகாராஜன். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"மேல்பாறை இருளம்மாள்... அவுங்க மக வந்திருக்கு, அண்ணே." பத்து வருசத்தில் முதல் தடவையாக அண்ணே என்றாள்.

"அடப் பாவமே. அந்தம்மா போயிருச்சா?" அவரே சொன்னார்:

"தேடுற சோலியே இல்லம்மா. தனிங்கிற ஃபோல்டரத் தெறந்து, மேல்பாறைன்னு போங்க, ரெண்டாவது படம். சிரிச்ச மொகமா இருக்கும். புள்ளைய ரொம்ப நேரம் அழ விடாதீங்க, ஒடனே எடுத்துக் குடுத்துருங்க."