ஜெனரேட்டர் ஓடும் வரை

மூன்றாவது கேள்வியைப் படித்ததும் புகழ்வேந்தனுக்குச் சிரிப்பு வந்தது.

பம்பு மோட்டாரைத் தானாக ஓடவிடும் ஸ்டார்ட்டரைப் படம் வரைந்து விளக்க வேண்டும். பதினாறு மதிப்பெண்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். போன மாதம்தான் சொந்த ஊரான செலியமேட்டில் அவர்கள் கொல்லை மோட்டாருக்கு அப்படி ஒன்றைத் தன் கையாலேயே மாட்டியிருந்தான். போனிலிருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். ஆட்டோவில் வைத்துவிட்டால், கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் மோட்டார் தானாகவே ஓட ஆரம்பிக்கும்.

அந்த வரியை எழுதும்போது பேனா நின்றது.

நேற்று ராத்திரி, நாற்றுக்குத் தண்ணீர் வேண்டுமென்று, படுத்தபடியே ஆட்டோவில் போட்டிருந்தான். எடுக்க மறந்துவிட்டான்.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அப்பா குழந்தைவேல் சொன்னது இப்போது காதில் கேட்டது.

"மோட்டாருல தண்ணி கசியுதுடா. கரண்டு நின்னதும் கழட்டிப் பாக்கறேன். அத போடற போன் உங்கிட்ட இருக்குது, நீ பரிட்ச எழுதறப்ப யாரு அத போடப்போறா?"

ஆட்டோ என்று ஒன்று இருப்பதை அப்பாவிடம் அவன் சொன்னதே இல்லை.

தலைக்கு மேலே மின்விசிறி நின்றது.

ஹால் முழுக்க முனகல் எழுந்தது. இங்கே கரண்ட் போனால் கொல்லையிலும் போகும். ஊருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே லைன். இந்நேரம் அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குள் போயிருப்பார்.

ஜெனரேட்டர் தடதடவென்று கிளம்பியது. விசிறிகள் சுற்றின. பின்னால் ஒருவன், "காது கிழியுது, சனியன்" என்று முணுமுணுத்தான்.

புகழுக்கோ அந்தச் சத்தத்தைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஜெனரேட்டர் ஓடுகிற வரை கரண்ட் வரவில்லை. கரண்ட் வராத வரை அப்பாவின் கை பத்திரம்.

அது நின்றால்தான் ஆபத்து.

எழுந்து, மேற்பார்வைக்கு வந்திருந்த ஸ்டெல்லா மேடத்திடம் போனான். ஒரே ஒரு நிமிஷம் போன் வேண்டும், அப்பா, மோட்டார் என்று உளறினான். மேடம் கெட்டவர் இல்லை. ஆனால் பரிட்சை ஹாலில் பிள்ளைகள் அவிழ்த்துவிடும் கதைகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். சுவரில் இருந்த கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டு, வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது, இதுவரை எழுதியதும் செல்லாது, யோசித்துக்கொள் என்றார்.

வந்து உட்கார்ந்தான். யோசித்தான்.

இந்தப் பேப்பரில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவன். இதிலும் போனால் ஒரு வருஷம் வீட்டில்தான். ஓசூரில் கிடைத்திருந்த வேலையும் கை நழுவிப் போகும். அவன் படித்து முடிக்கட்டும் என்றுதானே அந்த மனுஷன் நாலு வருஷமாக நல்லதாக ஒரு வேட்டிகூட எடுக்கவில்லை.

அவர் கழற்றாமலும் இருக்கலாம். இந்நேரம் முடித்துக் கை கழுவியும் இருக்கலாம்.

ஒரு வரி எழுதினான். என்ன எழுதினான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் ஓடும்?

விடைத்தாளை மூடி வைத்துவிட்டு ஓடினான்.

வராந்தாக் கோடியில் ஒரு மேசை, அதன்மேல் பிளாஸ்டிக் கூடை நிறையப் போன்கள். எல்லாம் கறுப்பாக ஒரே மாதிரி கிடந்தன. அவன் போன் அடியில் இருந்தது. அதை உருவி எடுத்த நொடியில் ஜெனரேட்டர் நின்றது.

விசிறிகள் நிற்கவில்லை.

கரண்ட் வந்துவிட்டது.

அணைத்து வைத்திருந்த போன் உயிர் பெறுவதற்குள் இவனுக்கு உயிர் போய் வந்தது. அப்பாவைக் கூப்பிட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுங்கப்பா, எடுங்கப்பா என்று வாய்விட்டுச் சொன்னான்.

"இன்னாடா?" என்றது அப்பாவின் குரல்.

"மோட்டாரு..." என்று ஆரம்பித்தான்.

"அத யாரு தொட்டா? இன்னிக்கி உனுக்குப் பரிட்சயாச்சே. அத நோண்டப்போயி எனுக்கு எதுனா ஆயி, உனுக்கு ஆள் சொல்லியனுப்பி, நீ பாதியில எழுந்து ஓடியாந்துட்டா? அதான் நீ போனதுலேர்ந்து ஒரு வேலையும் தொடாம வூட்டுலயே குந்திகினு இருக்கேன்."

புகழ் படியில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்பா இருக்கிறார். அது போதும் என்று இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் வழியே ஸ்டெல்லா மேடம் தெரிந்தார். அவனுடைய விடைத்தாளில் குறுக்காகச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது.

"ஏன்டா, அதுக்குள்ள எழுதி முடிச்சிட்டியா?" அந்தக் குரலில் அப்படி ஒரு பெருமை.

"ஈஸியா இருந்துதுப்பா" என்றான் புகழ்.