கொடிவேலிக் காயம்

"கையை நீட்டு."

மாரியாயி நீட்டினாள். முழங்கைக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்குத் தோல் சிவந்து கிடந்தது. தெரசர் தங்கரத்தினம் குனிந்து அதை முகர்ந்து பார்த்தார்.

கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊரை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுப்பவர் அவர்தான். பொய்ச் சீக்கு சொல்லி அவர் கண்ணில் மண்ணைத் தூவியவர் யாருமில்லை, மாட்டினால் கோர்ட்டுதான்.

"நடிக்கிறா தெரசரையா." வாசலில் நின்ற கங்காணி ரெங்கசாமி பல்லைக் காட்டினான். "நாளைக்குப் புதுக்காடு வெட்டப் போறோம். ஆம்பளைங்களுக்கு இவதான் சமைக்கணும். ஒரு வாரம் என்னோட அங்கேயே ராத்தங்கல்."

புருஷனைப் பறிகொடுத்து மூன்று மாதம்கூட ஆகாதவளுக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியும். இந்தக் கை காப்பாற்றாவிட்டால் அவளுக்கு வேறு கதியில்லை.

"நீர் வெளியில நில்லும்" என்று கங்காணியை அனுப்பிக் கதவைச் சாத்தினார் தங்கரத்தினம். திரும்பியபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"தோலைப் புண்ணாக்கிற கொடிவேலி வேரை அரைச்சுக் கட்டினனியோ?"

"ஐயோ, இல்லீங்கையா! கம்பளிப்பூச்சிதான்..."

"பொய் சொல்லாதை. எத்தினை வயசுச் செடி?"

இனி மறைத்துப் பயனில்லை. "போன தைப்பூசத்துக்கு நட்டதுங்க."

"பட்டையை உரிச்சனியோ, முழு வேரையும் அரைச்சனியோ?"

"முழுசாத்தாங்க."

ஒரு வேருக்கு இவ்வளவு துருவல் எதற்கு? கோர்ட்டில் சாட்சி சொல்லத்தான் கேட்கிறார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்கையா."

"நாளைக்குக் காலமை வெள்ளைக்கார டொக்டர் வாறார். வருத்தம், சீக்கு எண்டு அவர் சொன்னால்தான் உனக்குக் கிள்ளான் ஆஸ்பத்திரி. இந்தச் சிவப்பைப் பார்த்தால் சிரிச்சுப்போட்டு, கங்காணியோட போ எண்டுவார்."

மாரியாயி தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தங்கரத்தினம் மேசை மேலிருந்த கத்தியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். பின்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இளவேரில காரம் இல்லைப் பிள்ளை. அங்க நாலு வருசச் செடி நிக்குது, பட்டையை மட்டும் உரிச்சு அரைச்சுக் கட்டு!"