ஆளுக்குப் பாதி

வாத்தியாருக்குப் பார்வை போய் மூன்று வருடம். அவர் மனைவிக்கு ஆங்கிலம் சுட்டுப் போட்டாலும் வராது. ஆனாலும் ஞாயிறு மதியமானால் நாற்பதுகளில் வந்த பிரிட்டிஷ் படம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். திரையில் நடப்பதை அவள் சொல்வாள். பேசுவதை அவர் தமிழில் சொல்வார்.

இன்று போர்க்காலக் கதை. கப்பலில் போன மகனுக்காக ஒரு தாய் காத்திருந்தாள்.

"நம்ம பையனும் இருபது நாளா ஒரு போன் பண்ணல," என்றார் அவர்.

"நடுக்கடல்ல ஏதுங்க சிக்னல்? படத்தப் பாருங்க."

"நான் எங்க பாக்கறது? நீதான் பாக்கணும், மகராசி."

திரையில் கதவு தட்டும் சத்தம். உள்ளே வந்த அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு, தணிந்த குரலில் ஏதோ சொல்லித் தந்தியை நீட்டினார்.

"யாரோ விலாசம் கேக்கறாங்க," என்றாள் மனைவி அவசரமாக.

"ஆமா, விலாசம்தான் கேக்கறான்."

அவள் துணிந்து தொடர்ந்தாள். "இதோ, பையனே வந்துட்டான். வாசல்ல நிக்கறான்."

"அம்மா, பசிக்குதுன்னு சொல்றான்."

திரையில் அந்தத் தாய் மட்டும் மேசைமேல் தலை கவிழ்ந்து கிடந்தாள். படத்தில் யாரும் வாயே திறக்கவில்லை.

அவள் மெல்லத் திரும்பினாள். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"புதன்கிழமை. பையனக் கடல் கொண்டுபோயிடுச்சுன்னு கம்பெனியிலேர்ந்து போன் வந்துச்சு. நீ தாங்க மாட்டேன்னு சொல்லல. உனக்கு?"

"வியாழக்கிழமை. அதே கப்பல்ல போனவரோட சம்சாரம் கடைத்தெருவுல சொன்னா. நீங்க தாங்க மாட்டீங்கன்னு நானும் சொல்லலங்க."