மெனிக்கே வீட்டுக் கஞ்சி

புருஷனுக்கென்று மூடிவைத்த கஞ்சியை நாத்தனார் எடுத்துக் குடித்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? புஷ்பத்துக்கு எரிந்தது. ஜன்னலோரம் நின்று தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். மூக்காயி செம்பைத் தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மடக் மடக்கென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அதுவும் லேசுப்பட்ட கஞ்சியா? கணபதியின் உயிரே அதில்தான் இருந்தது.

கட்டுகஸ்தோட்டையில் கணபதியின் அரிசிக்கடை தெரியாதவர் கிடையாது. வெள்ளை வெளேரென்ற ரங்கூன் மெஷின் அரிசிதான் அங்கே வியாபாரம். மனுஷர் மூன்று வேளையும் அதையேதான் சாப்பிட்டார். சிவப்பரிசி இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். வெள்ளரிசி விற்கிறவன் சிவப்பரிசி தின்றால் ஊர் சிரிக்காதா என்பார். கீரை என்றாலோ அது ஆட்டுத் தீனி.

கடைசியில் கால் மரத்துப்போயிற்று. பிறகு வீங்கத் தொடங்கியது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால்கூட அவருக்குத் தெரியவில்லை.

டொக்டர் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. பெரிபெரி என்றார். அரிசியின் மேல்தோலில்தான் சத்தெல்லாம் இருக்கிறதாம். மெஷின் அதைத் தவிட்டோடு சேர்த்துச் சீவித் தள்ளிவிடுகிறதாம். தவிட்டைத் தின்கிற மாடு கொழுக்கிறது, வெள்ளரிசி தின்கிற மனுஷன் வீங்குகிறான் என்று சொல்லிச் சிரித்தார். புஷ்பத்தைத் தனியே கூப்பிட்டபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

"வீக்கம் நெஞ்சுக்கு ஏறினா என் கையில ஒண்ணுமில்லம்மா. கைக்குத்தரிசி குடுங்க. கீரை குடுங்க."

அடுத்த வீட்டு மெனிக்கேதான் கைகொடுத்தாள். சிங்களத்தில் 'கொல' என்றால் இலை, 'கெந்த' என்றால் கஞ்சி. கையால் குத்திய சிவப்பரிசியும் வல்லாரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து விடிகாலையில் கொலகெந்த காய்ச்சுவாள். புஷ்பம் வேலியோரம் போய், "மெனிக்கே, கொல?" என்று குரல் கொடுப்பாள். அவளும் "கொல, கொல" என்று சிரித்துக்கொண்டே செம்பை நீட்டுவாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த பாஷை அவ்வளவுதான்.

கணபதி சாய்ந்து உட்காரும் கதிரைப் பக்கத்தில் செம்பை மூடிவைத்துவிட்டு, புஷ்பம் கடை திறக்க ஓடுவாள். எடுத்துக் கொடுக்கத்தான் மூக்காயி இருந்தாளே. கணபதியின் தங்கை. துறையூர்ப் பக்கம் மழை பொய்த்துப்போக, மண்டபம் வழியாகக் கப்பலேறி, அண்ணனே கதி என்று போன மாதம்தான் வந்து சேர்ந்தாள். வரும்போது எலும்பும் தோலுமாய் இருந்தாள். வாயெல்லாம் புண்.

மூன்று வாரம் ஆயிற்று. கணபதியின் வீக்கம் இறங்கக் காணோம், முழங்காலைத் தாண்டிவிட்டது. மூக்காயிக்கோ வாய்ப்புண் ஆறி, கன்னம் பூரித்து, முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது. கஞ்சி உள்ளே போகிறதா என்று டொக்டர் கேட்டார். ஒரு சொட்டு மிச்சம் வைப்பதில்லை என்று புஷ்பம் அடித்துச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே பொறிதட்டியது. இன்று கடைக்குப் போகிறவள் போலப் போய்ப் பாதியில் திரும்பிவிட்டாள்.

விடுவிடுவென்று உள்ளே வந்தவளைக் கண்டதும் கணபதி முந்திக்கொண்டார். தங்கச்சிதான் தரச்சொல்லிக் கேட்டாள், எனக்கும் அந்தத் தழைத்தண்ணி தொண்டையில் இறங்கவில்லை, பசித்த பிள்ளை குடிக்கட்டுமே என்று விட்டுவிட்டேன் என்று அசடு வழிந்தார்.

புஷ்பம் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"உன் வயித்துக்கு நான் குறை வச்சேனா மூக்காயி? அண்ணன் உயிருக்குப் போராடுறப்ப, அவர் கஞ்சியத் தட்டிக் குடிக்க எப்படி மனசு வந்துச்சு?"

மூக்காயி தலை குனியவில்லை.

"ஆமா, குடிச்சேன். நீங்க குடுத்தா அண்ணன் எதையும் வாங்கிக் குடிக்கும். நான் சொன்னா நம்பாது. கீழ கொட்டினா நீங்க இன்னொரு செம்பு வாங்கிட்டு வருவீங்க."

"கொட்டுறதா? எதுக்கு?"

"பின்ன? விடிஞ்சா வேலியோரம் நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் கொல, கொலன்னு சிரிச்சுப் பேசிக்கலையா? என் காதால கேட்டேன் மதினி. அண்ணன் போனா இந்த வீடு நிக்காது. நான் போனா யாருக்கு நட்டம்? நான் செத்தாலாவது அண்ணனுக்குப் புரியும்னுதான் இருபத்தோரு நாளாக் குடிக்கிறேன். சாவுதான் வரமாட்டேங்குது."

புஷ்பத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது. இவளையா தின்னிப்பண்டாரம் என்று நினைத்தோம் என்று வெட்கமாகப் போயிற்று. செம்பின் அடியில் ஒட்டியிருந்த வல்லாரைத் துணுக்கை விரலால் எடுத்து நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுதாண்டி கொல. சிங்களத்துல இலை."

மறுநாள் மெனிக்கே இரண்டு செம்பு நீட்டினாள். கணபதிக்குத் தப்ப வழியில்லை. ஒரு பக்கம் பெண்டாட்டி நின்றாள். மறுபக்கம் தங்கச்சி செம்பை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"குடிங்கண்ணே. நான் குடிச்சுப் பாத்துட்டேன். சாவு வராது."